கை மட்டும்தானே

கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தப் பயிற்சி வகுப்பில், கையை வரையக் கூடாது என்பதுதான் முதல் பாடம். சிரிக்க வேண்டாம், நிஜம்தான். டிசைன் கல்லூரித் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்து அனுப்புகிற மாஸ்டர், சேர்ந்த அன்றைக்கே பலகையில் ஒரு மனிதனை வரைந்து, அவனுடைய இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் திணித்துவிடுவார்.

"பாத்துக்குங்க. நம்மளக் காட்டிக்குடுக்கறது கைதான். மூஞ்சி கோணினா அது என் ஸ்டைலுன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். கை கோணினா மார்க் போச்சு. பையில போடு, முதுகுக்குப் பின்னால கட்டு, கூடைக்குள்ள விடு. என்ன வேணா பண்ணு, கண்ணுல மட்டும் காட்டாதே."

பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள். சந்தைக் காட்சி வரை என்றால் சந்தை, ரயில் நிலையம் வரை என்றால் ரயில் நிலையம், எல்லாம் அழகாக வரும். ஆனால் அந்த வகுப்பார் வரைந்த ஊரில் யாரும் எதையும் தொட்டதே கிடையாது. காய் விற்கிறவன்கூடக் கையைக் கட்டிக்கொண்டுதான் வியாபாரம் பார்த்தான். மாஸ்டருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. வருஷா வருஷம் நாலு பேராவது தேறினார்கள், வாசலில் பெரிய பேனர் கட்டினார், பொழைப்பு ஓடியது.

அதில் மண் விழுந்தது ஒரு கூட்டத்தில். கல்லூரியில் தேர்வு வைக்கிறவர்களில் ஒருவர் மேடையேறி, "பயிற்சி வகுப்பிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு எல்லாம் இருக்கிறது, கைதான் இல்லை" என்று சொல்லிவிட்டார். சபையே சிரித்ததாம். செய்தி மாஸ்டர் காதுக்கும் எட்டியது. மூன்றாம் நாள் நேராகப் பெரியவளிடம் வந்து நின்றார்.

பெரியவள் என்றால் வகுப்பில் மூத்தவள். வீட்டிலும் மூத்தவள்தான், அதனால் அந்தப் பெயர் எங்கே போனாலும் கூடவே வந்தது. இரண்டு முறை தேர்வு எழுதி, இரண்டு முறையும் முதல் கட்டத்திலேயே கழன்றுகொண்டவள். கொடுத்த நேரத்துக்குள் அவளுக்கு முடிக்க வராது. ஒரு கையை வரைய உட்கார்ந்தால் ஊரை மறந்துவிடுவாள். மணி அடிக்கும்போது தாளில் ஒரு கை மட்டும் உயிரோடு இருக்கும், மிச்சம் வெள்ளையாக இருக்கும். வயது வரம்பின்படி இந்த வருஷம் விட்டால் அப்புறம் விண்ணப்பமே போட முடியாது. வீட்டு நிலைமைக்குப் புதிதாகப் பணம் கட்டிப் படிக்க வழியில்லை. தாள் ஒட்டுவது, பென்சில் சீவுவது, சின்னப் பிள்ளைகளின் படத்தைத் திருத்துவது என்று உதவிக்கு இருந்துகொண்டே அவளும் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீ கை நல்லாப் போடுவியே," என்றார் மாஸ்டர்.

"போடக் கூடாதுன்னு நீங்கதானே மாஸ்டர் சொன்னீங்க?"

"அது அப்போ. இப்போ போடணும்."

இப்படித்தான் ஆரம்பித்தது. எழுத்துத் தேர்வில் தேறியவர்கள் நேர்காணலுக்குப் போகும்போது, தாங்கள் வரைந்ததில் நல்லதாகப் பொறுக்கிக் கோத்து ஒரு தொகுப்பு கொண்டுபோக வேண்டும். கல்லூரியில் அதற்கு போர்ட்ஃபோலியோ என்று பெயர், மாடியில் எல்லோருக்கும் அது ஃபைல். பிள்ளைகள் மணிக்கட்டு வரை வரைந்து, அதற்குக் கீழே வெள்ளையாக விட்டுவிட்டு, ஃபைலைப் பெரியவளின் மேசையில் அடுக்கிவிட்டுப் போவார்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கை வைப்பாள். சமையல்காரருக்குக் கரண்டி பிடித்த கை, தாய்க்குக் குழந்தையைத் தாங்கிய கை, பந்து பிடிக்கிற பையனுக்கு ஏந்திய கை. மணிக்கட்டு எலும்பில் தொடங்கி, கட்டைவிரல் மேட்டைச் சுற்றி வந்து, கோட்டை முழுசாக மூடாமல் ஓரிடத்தில் விட்டுவிடுவாள். அந்த இடைவெளியில்தான் கை மூச்சு விடுகிறது என்று அவளுக்கு ஓர் எண்ணம். யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் கிண்டல் பண்ணுவார்கள்.

"கையக்கா, எனக்கு நாளைக்கு வேணும்."

"கையக்கா, என் தாத்தாவுக்கு ஒரு கை போட்டுக் குடேன், பாவம், முடமா நிக்கறாரு."

சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கு அது பிடித்திருந்தது. இரண்டு முறை தோற்ற பெண்ணைத் தேடிக்கொண்டு ஒரு வகுப்பே வருகிறது என்றால் யாருக்குத்தான் தலை கொஞ்சம் நிமிராது? பத்து வயசு குறைந்த மாதிரி மாடிப்படி ஏறினாள், மடைச்சி.

அவள் கை பழகியது வீட்டில். அப்பா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒருநாள் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னாலேயே, கூடத்தில் நின்றவர் நின்றபடி சரிந்தார். பிழைத்தார். ஆனால் பேச்சு குழறியது, வலது பக்கம் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், வலது கையை மடியில் வைத்துக்கொண்டு. அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கப் போய்விடுவாள். ஆள் உட்கார வைத்து வரைந்து பழகு என்று மாஸ்டர் சொல்வார், யார் வந்து உட்காருவார்கள்? அப்பா உட்கார்ந்திருந்தார். அசையவே மாட்டார். ஈவு இரக்கம் பார்த்தால் சொல்லவே கூசுகிறது, ஆனால் அவரைவிட நல்ல மாடல் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது. பெரியவள் தரையில் உட்கார்ந்து அந்தக் கையை வரைந்தாள், வரைந்தாள், வரைந்துகொண்டே இருந்தாள். வருத்தம் தாங்காமல்தான் முதலில் வரைந்தாள். பிறகு அது பழக்கமாகிவிட்டது. அவரும் மறுப்புச் சொல்லவில்லை. சில நாள் அவள் வரத் தாமதமானால் நாற்காலியை வெளிச்சத்துக்கு நகர்த்தச் சொல்லி அம்மாவிடம் குழறுவார்.

தங்கை சின்னவளும் அதே மாடி வகுப்புதான், ஆனால் வேறு ரகம். வாயாடி, துறுதுறுப்பு, தலை நிறைய யோசனை. ஒரு குடையைக் கொடுத்து இதை மாற்றி அமை என்றால் அரை மணியில் ஏழு விதம் சொல்வாள், ஏழும் நன்றாக இருக்கும். நிறம் அவள் சொன்னபடி கேட்கும். மனிதர்களை வரையத்தான் வராது. அப்பாவோடு அவள்தான் நிறையப் பேசுவாள், ஆனால் வாசற்படியில் நின்றபடி, முகத்தைப் பார்த்துத்தான் பேசுவாள். கிட்டே வரமாட்டாள். ஊட்டுவது, கை கால் நீவுவது எல்லாம் பெரியவளின் வேலை. சின்னவள் சின்னவள்தானே, போகட்டும் என்று வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் இரண்டு பேரும் எழுத்துத் தேர்வில் தேறினார்கள். சின்னவளுக்கு முதல் தடவை, பெரியவளுக்குக் கடைசித் தடவை. பெரியவள் இந்த முறை கையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, மணி அடிக்கிற நேரத்தில்தான் எப்படியோ முடித்திருந்தாள். அம்மா அன்றைக்கு விரிப்புத் தேய்த்த கையோடு வந்து இருவர் கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். கை சுட்டது.

"அக்கா, என் ஃபைலுக்கும் கை போட்டுக் குடுக்கா," என்றாள் சின்னவள்.

"நீயே போட்டுப் பழகுடி. அப்பா இருக்காருல்ல, பாத்துப் போடு."

சின்னவளின் முகம் சட்டென்று மாறியது. "எனக்கு வராதுக்கா. ஊருக்கெல்லாம் போடற, கூடப்பிறந்தவளுக்குப் போட மாட்டியா?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்த அக்காவிடம் பதில் இருக்கிறது? போட்டுக் கொடுத்தாள். ஊருக்குப் போட்டதைவிட நன்றாகவே போட்டுக் கொடுத்தாள்.

ஃபைலோடு ஓர் உறுதிமொழித் தாளும் வைக்க வேண்டும். இதிலுள்ள ஒவ்வொரு பக்கமும் நானே வரைந்தது, பொய்யானால் இனி எந்த வருஷமும் நான் விண்ணப்பிக்க முடியாது, பிறருக்கு வரைந்து கொடுத்திருந்தாலும் இதே விதிதான் என்று அச்சடித்திருந்தது. அதைப் படித்தபோது பெரியவளுக்கு மனசு கொஞ்சம் இடித்தது. மாஸ்டரிடம் கேட்டாள்.

"அடப்போம்மா," என்றார் மாஸ்டர். "ஐடியா அதுங்களோடது, தலை அதுங்களோடது, உடம்பு அதுங்களோடது. நீ போட்டது கை மட்டும்தானே? நாலு கோடு! இதுக்கெல்லாம் பயந்தா ஊருல ஒருத்தனும் பென்சிலைத் தொட முடியாது. போடு கையெழுத்த."

போட்டாள். வரிசையாக எல்லோரும் போட்டார்கள்.

நேர்காணல் நாளன்று கல்லூரியின் நீண்ட நடையில் பெஞ்சு போட்டிருந்தார்கள். சுவரெல்லாம் பழைய மாணவர்களின் நாற்காலிகளும் விளக்குகளும் படமாகத் தொங்கின. வார்னிஷும் மரத்தூளும் கலந்த வாசனை எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. பெரியவள் அதை மூக்கு நிறைய இழுத்தாள். இந்த வாசனைக்குள் அஞ்சு வருஷம் இருக்கலாமே என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்க்கும் முன் துடைத்துக்கொண்டாள்.

மாடி வகுப்பிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். வெளியே வந்தவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. "ஃபைலை வச்சுட்டுப் போய் வெளியே இரு, கூப்பிடறோம்னாங்க," என்றான் ஒருவன். அடுத்தவளுக்கும் அதே பேச்சு. மற்ற ஊர்க்காரப் பிள்ளைகள் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிப் போக, இவர்களை மட்டும் உட்கார வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. கல்லூரியில் தங்களை எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

சின்னவள் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். "அக்கா! என் குடையைப் பாத்து சிரிச்சுட்டாங்க! நல்லா யோசிக்கிறேன்னாங்க! அப்புறம் அந்தக் கண்ணாடிக்கார மேடம் கையையே பாத்துட்டிருந்தாங்க. எங்க கத்துக்கிட்டேன்னு கேட்டாங்க."

"நீ என்னடி சொன்ன?"

"வீட்டுலன்னேன். பொய்யா அது?" என்று கண்ணடித்தாள். "என்னையும் இருக்கச் சொல்லிட்டாங்க!"

அப்போதாவது பெரியவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் நரைத்த தலையோடு, கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மாட்டிய ஓர் அம்மா. வலப்பக்கம் நகக்கண்ணில் களிமண் படிந்த ஒரு பெரியவர், மண்பாண்டத் துறைக்காரர் போல. இடப்பக்கம் எதையோ எழுதிக்கொண்டே இருந்த ஓர் இளைஞர். அவர்களுக்குப் பின்னால் சுவரோரம் ஃபைல்கள் தனியாக அடுக்கியிருந்தன.

கண்ணாடியம்மா பெரியவளின் ஃபைலைத் திறந்தாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள். இரண்டாம் பக்கத்தைப் புரட்டினாள். மூடிவிட்டாள்.

"எந்த வகுப்பும்மா நீ? அந்தக் கண்ணாடிக் கடை மாடியா?"

"ஆமா மேடம்."

"இந்தக் கையைக் காலைலேருந்து பாத்துட்டிருக்கோம். உங்க மாஸ்டர் ஒரு கையைச் சொல்லிக் குடுத்திருக்காரு, எல்லாரும் அதையே காப்பி அடிச்சிட்டு வரீங்க. உன்னோடது கொஞ்சம் சுத்தமா இருக்கு. ஆனா காப்பி காப்பிதான்."

காப்பி. இரண்டு முறை தோற்றபோதும் பெரியவளை யாரும் இப்படிச் சொன்னதில்லை. மெதுவானவள் என்றார்கள், நேரம் தெரியாதவள் என்றார்கள், அது எல்லாம் உண்மை. இது பொய். வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். காப்பி என்று மார்க் குறைந்திருக்கும், அதோடு போயிருக்கும். அதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து கதை கேட்கிற நமக்குத் தோன்றும். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தோன்றவில்லை.

"அது மாஸ்டர் கை இல்ல மேடம். என் கை."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்கம்மா."

"தாள் குடுங்க, இங்கயே போடறேன்."

களிமண் நகக்காரர் ஒரு தாளை நகர்த்தினார். பெரியவள் மணிக்கட்டு எலும்பில் தொடங்கினாள். முதல் தடவையாக அவளுக்கு நேரம் போதாது என்று தோன்றவில்லை. மேசையில் பேனா பிடித்திருந்த அந்த இளைஞரின் கையையே பார்த்து வரைந்தாள். கட்டைவிரல் மேடு வந்தது, விரல்கள் வந்தன, கோடு ஓரிடத்தில் மூடாமல் நின்றது. இளைஞர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தன் கையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

கண்ணாடியம்மா தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பின்னால் அடுக்கியிருந்த ஃபைல்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ அந்த ஃபைலுங்கள்ல இருக்கறதெல்லாம்?"

"நான் போட்டது மேடம்."

"எது எது உன்னோடதுன்னு உன்னால சொல்ல முடியுமா?"

இளைஞர் ஃபைல்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். கண்ணாடியம்மா பொறி வைத்தாளா, அதிசயப்பட்டுக் கேட்டாளா என்பது அவளுக்குத்தான் வெளிச்சம். பெரியவளுக்கு அது பொறியாகத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒருவர் அவள் வரைந்ததைப் பார்த்து, இது யார் போட்டது என்று கேட்கிறார். அந்தச் சந்தோஷத்தில் அவள் எழுந்தே நின்றுவிட்டாள். "இது என்னுது. இந்தச் சமையல்காரரும் என்னுது. இந்தம்மா, இந்தப் பையன்... பந்து அவன் போட்டான், கை நான்." ஒவ்வொரு பக்கமாகத் தொட்டுக்காட்டினாள். எல்லாம் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்ததை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"இன்னொண்ணு கவனிச்சியா?" என்றார் களிமண் நகக்காரர் மெதுவாக. "எல்லாக் கையிலயும் கடைசி ரெண்டு வெரல் உள்ள மடங்கியிருக்கு. பந்து புடிக்கிற பையனுக்குக்கூட. இப்ப இவரைப் பாத்துப் போட்டியே, இவர் வெரல் நீட்டித்தான் இருக்கு. நீ மடக்கிட்ட."

பெரியவள் குனிந்து பார்த்தாள். ஆமாம். சமையல்காரருக்கு, தாய்க்கு, பையனுக்கு, தாத்தாவுக்கு, எல்லோருக்கும் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே மடங்கிக் கிடந்தன. அப்பாவின் கை. ஊரெல்லாம் அப்பாவின் கையை ஒட்ட வைத்து அனுப்பியிருக்கிறாள், அவளுக்கே தெரியாமல். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்போடு அடுத்த ஃபைலைத் தொட்டாள். மேல் அட்டையில் ஒரு குடை, ஏழு நிறத்தில்.

கையை எடுத்துக்கொண்டாள்.

"இது?" என்றாள் கண்ணாடியம்மா.

வெளியே பெஞ்சில் சின்னவள் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். 'இனி எந்த வருஷமும்' என்ற உறுதிமொழித் தாளின் வரி பெரியவளின் கண்ணுக்கு நேராக வந்து நின்றது.

"இது என் தங்கச்சியோடது மேடம். இது நான் போட்டது இல்ல."

"ரெண்டு வெரலும் மடங்கியிருக்கே?"

"அது... அது எங்கப்பா கை மேடம். அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்துபோச்சு. அவர் கையப் பாத்துதான் நாங்க ரெண்டு பேரும் பழகினோம். அதான் ஒரே மாதிரி இருக்கு. அவளே போட்டது. சத்தியமா."

பொய்யில் முக்கால் பங்கு உண்மை இருந்தது. அதனால் குரல் நடுங்கவில்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். களிமண் நகக்காரர் தலையை ஆட்டினார், நம்பிவிட்டவர் போல. கண்ணாடியம்மாவும் நம்பத்தான் ஆசைப்பட்டாள். "சரி, அந்தப் பொண்ணையும் கூப்பிடுங்க. ஒரு கை போட்டுக் காட்டட்டும், அதோட முடிஞ்சுது," என்றாள்.

சின்னவள் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தாள். அக்காவைப் பார்த்ததும் இன்னும் அகலமாகச் சிரித்தாள்.

"உக்காரும்மா. பயப்படாதே. உங்கப்பாவோட வலது கையை ஞாபகத்துல இருந்து போட்டுக் காட்டு. நல்லா வரணும்னு இல்ல, சும்மா போடு."

சின்னவளின் சிரிப்பு நின்றது. பென்சிலை எடுத்தாள். அக்காவைப் பார்த்தாள். பெரியவள் மடியில் இருந்த தன் வலது கையை மெல்ல மேசை விளிம்புக்குக் கொண்டுவந்து, கடைசி இரண்டு விரல்களை உள்ளே மடக்கினாள். பாருடி, பாரு என்று உள்ளே கதறிக்கொண்டிருந்தாள். களிமண் நகக்காரர் அதைப் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல மனிதர். ஆனால் சின்னவளுக்கு அது புரியவில்லை. அக்காவுக்குப் பதற்றம் என்று மட்டும் நினைத்துக்கொண்டு குனிந்து வரைய ஆரம்பித்தாள்.

அவள் வரைந்தது ஒரு விரிந்த உள்ளங்கை. ஐந்து விரல்களும் நேராக, குச்சி குச்சியாக, அகல விரித்து நின்றன. நன்றாக இருந்த நாளில் வேலை முடிந்து வருகிற அப்பா வாசலில் நின்று, வா கண்ணு என்று நீட்டுவாரே, அந்தக் கை. வரைந்து முடித்துத் தாளை முன்னால் தள்ளினாள்.

"இது யார் கைம்மா?"

"எங்கப்பாவோடது மேடம்."

"வலது கையா?"

"ஆமா."

"இப்பவும் இப்படித்தான் இருக்கா?"

சின்னவள் வாயைத் திறந்தாள், மூடினாள். கண்ணாடியம்மா கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட்டு, இரண்டு விரலால் கண்ணை அழுத்திக்கொண்டாள்.

"மேடம், என்னை வேணா தள்ளிடுங்க," என்றாள் பெரியவள். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. சின்னப் பொண்ணு. நான்தான் நானாப் போட்டுக் குடுத்தேன். அவ யோசிக்கிறதெல்லாம் அவளோடது, நீங்களே கேட்டுப் பாருங்க, குடைய எத்தனை விதமா..."

"தெரியும்மா. கேட்டோம்." கண்ணாடியம்மா இரண்டு பேரும் வரைந்த தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "உன் மாதிரி ஒரு கை இந்த மேசைக்கு வந்து ரொம்ப நாளாச்சு. அவ மாதிரி ஒரு தலையும்தான். ரெண்டு பேரும் அவங்கவங்களா வந்திருந்தா ரெண்டு பேரையும் எடுத்திருப்பேன். கை வரலைன்னா நாங்க சொல்லிக் குடுக்க மாட்டோமா? அதுக்குத்தானேம்மா காலேஜ் வச்சிருக்கோம்? கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கீங்களே. இப்ப நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அவ்வளவுதான். இளைஞர் ஃபைல்களை மறுபடி அடுக்கினார், தங்கையின் ஃபைலை மேலே வைத்தார்.

வெளியே பெஞ்சில் மாடி வகுப்புப் பிள்ளைகள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். "என்ன கையக்கா, கெடச்சிருச்சா?" என்று ஒருத்தி எட்டிப் பிடித்தாள். அவர்களுக்கும் சேர்த்து உள்ளே முடிந்துவிட்டது என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. தலையை மட்டும் ஏதோ ஒரு மாதிரி ஆட்டிவிட்டு நடந்தாள். வாசல் தாண்டுவதற்குள் மாஸ்டர் போன் செய்தார்.

"என்னம்மா, நம்ம பசங்களை எல்லாம் உக்கார வச்சிருக்காங்களாமே? நல்ல சேதிதானே? பேனருக்கு எல்லார் போட்டோவும் வேணும், வாங்கி வை!"

அவள் போனை அணைத்தாள்.

பேருந்தில் இருவருக்கும் அடுத்தடுத்த இடம் கிடைத்தது. கிடைக்காமல் இருந்தால் தேவலை. பாதி வழியில் சின்னவள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அவங்களா கண்டுபுடிச்சாங்களா, நீயாச் சொன்னியா?"

"நானாச் சொன்னேன்."

"ஏன்க்கா?"

"காப்பின்னு சொன்னாங்கடி."

"சொன்னா என்ன? சொல்லிட்டுப் போகட்டுமே!" சின்னவளின் குரல் பேருந்து முழுக்கக் கேட்டது. முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "உனக்கு எப்படியும் இதான் கடைசி. எனக்கு?"

சொன்ன மறுகணமே வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கை சொன்னதில் தப்பில்லை. தப்பில்லை என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது. தியாகம் செய்கிற அக்காவாக இருக்க ஒரு நிமிஷம் கிடைத்தது, அந்த நிமிஷத்தில் தன் கையைப் பெருமை பேசிக்கொண்டிருந்தாள். பேருந்து நிற்கிற இடத்திலெல்லாம் இறங்கி எங்காவது ஓடிவிடலாமா என்றிருந்தது.

வீட்டில் அம்மா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அப்பா ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டை மாற்றியிருந்தார். காலையிலேயே அம்மாவிடம் சொல்லி நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டிருக்கிறார், பாவம், மகள்கள் நல்ல செய்தியோடு வரும்போது பளிச்சென்று இருக்க வேண்டும் என்று. இருவரையும் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பேச வரவில்லை. மடியிலிருந்த வலது கையை இடது கையால் கொஞ்சம் தூக்கி, என்ன ஆயிற்று என்று ஆட்டிக் கேட்டார்.

பெரியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். எப்போதும் அங்கே நிற்கிறவள் சின்னவள். இன்றைக்குச் சின்னவள் நிற்கவில்லை. நேராகப் போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள். அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் எடுத்தாள். மடங்கியிருந்த இரண்டு விரல்களையும் விரிக்கப் பார்த்தாள். விரியவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். அப்பா வலியில் முனகினார், ஆனால் அவளைத் தடுக்கவில்லை.

"அக்கா," என்றாள், திரும்பாமலே. "இது எப்பலேருந்து இப்படி இருக்கு?"

"விழுந்த அன்னைலேருந்துடி."

"நான் பாக்கலைக்கா," என்றாள் சின்னவள். "பயமா இருந்துச்சு, பாக்கவே இல்ல."

அப்பா ஒன்றும் புரியாமல் பெரியவளைப் பார்த்தார். கிடைத்ததா இல்லையா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது அவர் முகம். பெரியவள் சமையலறைக்குள் போய், அவர் குடிக்கத் தண்ணீர் எடுத்தாள்.